நார்த்தூளும் நாற்பதாயிரம் நாற்றும்

இந்த அவைக்குத் தலைமையேற்று, எனக்குப் பின்னால் அமர்ந்து, இந்த நிமிடம் வரை புன்னகை மாறாமல் இருக்கின்ற, எங்கள் காய்கறி விவசாயிகள் சங்கத்தின் பெருமைக்குரிய தலைவர் அவர்களே! மலையெனக் குவிந்த நார்க்கழிவை மனமுவந்து அள்ளிக்கொள்ளச் சொன்ன கயிற்று ஆலை முதலாளி அவர்களே! முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! கைநகம் கறுக்கக் கறுக்கக் கழுவும் தொட்டியில் நின்று நார்த்தூளை அலசித் தந்த தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுக்குத் தலைவியாக நிற்கும் என் நாத்தனாரே! நிலத்தை உழுது, பாத்தி பிடித்து, இன்றைக்கு நாற்று கிடைக்கும் என்று வழிமேல் விழி வைத்து வந்திருக்கும் உழவர் பெருமக்களே! மூன்றாவது வரிசையின் ஓரத்தில், தூணுக்குப் பக்கத்தில், என் பக்கம் திரும்பாமல் உட்கார்ந்திருக்கும் மிளகாய்த் தோட்டத்து அண்ணன் அவர்களே! உங்கள் அத்தனை பேருக்கும் இந்த நாற்றுக்கூடக்காரியின் கை கூப்பிய வணக்கம்!

நான் காகிதத்தைப் பிரிக்காமல் நிற்பதைப் பார்த்துச் சிலர் சிரிக்கிறீர்கள். மேடைக்கூச்சம் என்று நினைக்கிறீர்கள். இல்லை ஐயா, இல்லை. சந்தை நடுவில் நின்று நாற்று விற்கக் கூவிய தொண்டை இது. எட்டு ஊர்க்காரரோடு வாய்ச்சண்டை போட்டு வென்ற வாய் இது. கூட்டத்தைப் பார்த்து நான் அஞ்சியதே இல்லை. ஆனால் இன்று காலையிலிருந்து ஒரு பயம். கையில் நான்கு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அத்தனையும் புகழ்ச்சி. எழுதியது நேற்று. அதனால் இன்றைக்கு அதைப் படிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை. முதலில் பழைய கதையைச் சொல்கிறேன், மனசு கொஞ்சம் நிதானத்துக்கு வரட்டும்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் கயிற்று ஆலைக்குப் பின்னால் என்ன இருந்தது? குவியல்! தேங்காய் மட்டையை அடித்து நாரை எடுத்த பிறகு மிஞ்சும் தூள், மாடி வீட்டு உயரத்துக்குக் குவிந்து கிடந்தது. காற்றடித்தால் கண்ணில் விழுந்தது. மழை பெய்தால் கறுப்புச் சாறாகத் தெருவில் ஓடியது. கோடையில் உள்ளுக்குள்ளேயே கனன்று வாரக்கணக்கில் புகைந்தது. தாய்மார்களே, கொடியில் காயப்போட்ட வெள்ளைத் துணியை எடுக்கும்போதெல்லாம் ஆலைக்காரரின் ஏழு தலைமுறையையும் நீங்கள் அன்போடு விசாரித்தது எனக்கு நினைவிருக்கிறது. முதலாளி தலையை ஆட்டுகிறார்கள். அவர்கள் காதுக்கும் எட்டியிருக்கிறது!

அதே சமயத்தில் என் வீட்டில் என்ன நடந்தது? நாற்றங்காலில் விதைத்த தக்காளி முளைத்தது, நிமிர்ந்தது, ஒரே ராத்திரியில் கழுத்து ஒடிந்தது போலச் சாய்ந்தது. மண்ணிலேயே நோய் இருந்தது. மண்ணை மாற்றினேன், விதையை மாற்றினேன், மருந்தை மாற்றினேன். மாற்றாதது என் வீட்டுக்காரரை மட்டும்தான். அவர் பாவம், "இந்தத் தொழிலே நமக்கு வேணாம், விட்டுடு" என்று சொல்லிக்கொண்டே எனக்குத் தண்ணீர் சுமந்தார்.

ஒரு நாள் ஆலைக்குப் பின்பக்கமாக நடந்து வருகிறேன். பல வருஷம் மழையில் நனைந்து நனைந்து மட்கிய குவியலின் ஓரத்தில், யாரோ சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கொட்டிய இடத்தில், ஒரு தக்காளிச் செடி நின்றது. உரமில்லை, மண்ணில்லை, ஊற்றுவாரும் இல்லை. ஆனால் என்ன நிமிர்வு! என்ன நிறம்! பிடுங்கிப் பார்த்தேன். வேர் வெள்ளை வெளேரென்று, ஒரு பிடி தூளையும் பின்னிப் பிடித்துக்கொண்டு வந்தது. அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது ஜன்னல் வழியாக ஒரு குரல்.

"குப்பையில என்னம்மா தேடுற? எதையாவது தொலைச்சிட்டியா?"

"தொலைக்கல ஐயா. கிடைச்சிருக்கு. இந்தத் தூளை நான் எடுத்துக்கட்டுமா?"

"எடுத்துக்கோ. மொத்தத்தையும் எடுத்துக்கோ. வேணும்னா வண்டியும் தரேன். திருப்பி மட்டும் கொண்டாராதே!"

அந்தக் குரலுக்குரியவர்தான் இன்று மாலையும் மரியாதையுமாக இந்த மேடையில் இருக்கிறார்கள். அன்று அவர்கள் தந்த வண்டியில்தான் எங்கள் நாற்றுக்கூடம் தொடங்கியது.

எடுத்தவுடன் வெற்றியா? ஏது! புதுத் தூளைச் சின்னச் சின்னக் குழிகள் கொண்ட நாற்றுத் தட்டில் நிரப்பினேன், விதைத்தேன், அத்தனையும் கருகியது. ஏன்? புதுத் தூளில் உப்பு இருக்கிறது, துவர்ப்பு இருக்கிறது. குவியலின் ஓரத்தில் மழை கழுவிய வேலையை இங்கே யார் செய்வது? அப்போது என் நாத்தனார் புடவையைச் செருகிக்கொண்டு தொட்டியில் இறங்கினாள். ஊறவைத்து, அலசி, வடித்து, மறுபடி ஊறவைத்து, முதல் தண்ணீர் கறுப்பாகப் போகும், இரண்டாவது செந்நிறமாகப் போகும், மூன்றாவது தெளிவாகப் போகும். தெளிந்தால் தூள் தயார். பிறகு மட்கிய எருவைக் கலப்போம்.

அதற்கும் மேலே நான் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு குவியலிலும் ஒரு கை தூளை எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு, பத்து முள்ளங்கி விதை ஊன்றுவேன். முள்ளங்கி அவசரக்காரி, மூன்றே நாளில் முளைத்துவிடும். பத்தும் முளைத்து வேர் வெள்ளையாக இறங்கினால்தான் அந்தக் குவியல் தட்டுக்குப் போகும். நான் சொல்வதை நான் நம்புவதில்லை, முள்ளங்கி சொல்வதைத்தான் நம்புவேன். அந்தக் கிண்ணத்துக்கு முன்னால் நான் குத்துக்கால் போட்டுக் காத்திருப்பதைப் பார்த்து என் வீட்டுக்காரர், "என்ன, முள்ளங்கிகிட்ட ஜோசியம் கேட்டாச்சா?" என்பார்.

அந்தக் கிண்ணத்தின் தயவில் ஐந்து வருஷம்! அழுகிய நாற்றங்கால் போய், அடர்ந்த நாற்று வந்தது. கொட்டிக் கிடந்த குப்பை குறைந்தது, கொடித்துணி வெளுத்தது. வேர் அறாமல் குழித்தூளோடு பிடுங்கி நட்டதால், நட்ட மறுநாளே செடி நிமிர்ந்தது. கழிவென்று கழித்ததே கன்றுகளுக்குத் தொட்டிலானது...

வேண்டாம். கை தட்டாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன், இப்போது கை தட்டாதீர்கள். எழுதி வைத்த பக்கங்களில் இந்த இடத்தில் "கைதட்டலுக்கு நிறுத்தவும்" என்று நானே குறித்து வைத்திருக்கிறேன். நேற்று எழுதியபோது எனக்கு அவ்வளவு நம்பிக்கை!

இனி எழுதாததைச் சொல்கிறேன்.

இந்தப் பருவத்துக்கு எட்டுக் குவியல் கழுவினோம். முதல் ஐந்துக்கும் முள்ளங்கி ஊன்றினேன், பார்த்தேன், நிரப்பினேன். ஆறாவது குவியலின்போது சங்கத்திலிருந்து செய்தி வந்தது. விழாத் தேதி முடிவாகிவிட்டது, பந்தல் சொல்லியாகிவிட்டது, நாற்பதாயிரம் நாற்றை ஒரே நாளில் கொடுக்கிறோம் என்று. நாட்களை எண்ணிப் பார்த்தேன். விதைத்து இருபத்தைந்து நாள் வளர வேண்டும். மூன்று நாள் குறைந்தது. மூன்றே மூன்று நாள்! முள்ளங்கிக்கு வேண்டியதும் அதே மூன்று நாள். "ஐந்து வருஷமாக அதே தூள், அதே தொட்டி, அதே கைகள், இனி என்ன சோதனை வேண்டிக் கிடக்கிறது?" என்று என் மனசு கேட்டது. கேட்ட மனசுக்கு நான் ஓர் அறை விட்டிருக்க வேண்டும். விடவில்லை. மூன்று குவியலை அப்படியே தட்டில் நிரப்பினேன்.

நிரப்பிய நாற்று முளைத்தது. பச்சைப் பசேலென்று வளர்ந்தது. மிளகாய்த் தோட்டத்து அண்ணனின் நிலம் முன்கூட்டியே தயாராக இருந்ததால், இருபத்தைந்து நாள் நிறையும் முன்பே, அவருக்கு மட்டும் பத்துத் தட்டு முதலில் கொடுத்தேன். கைக்கு எட்டிய அந்தத் தட்டுகள் சோதிக்காத குவியலுடையவை.

நான்கு நாளுக்கு முன்னால், காலையில் அண்ணன் என் வாசலில் வந்து நின்றார். கையில் சாப்பாட்டு டப்பா. திறந்தார். உள்ளே வாடிச் சுருண்ட ஆறு நாற்று. ஈரத் துணியில் சுற்றி, குழந்தையை வைத்தியரிடம் கொண்டுவருவது போலக் கொண்டுவந்திருந்தார்.

"ஏம்மா, எல்லாம் இப்படி ஆயிடுச்சு. நட்ட ரெண்டாம் நாள் நல்லாத்தான் இருந்துது. மூணாம் நாள் தலை தொங்கிடுச்சு. என் தண்ணியில தப்பா, உன் தூள்ல தப்பா, கொஞ்சம் பார்த்துச் சொல்லேன்."

நான் பார்த்தேனா? வேரைத் தொட்டேனா? தொடவில்லை. இலையை ஒரு பார்வை பார்த்தேன். சுற்றி நாற்று அடுக்க வந்த எட்டுப் பேர் நின்றார்கள். விழாவுக்கு நான்கு நாள். "என் தூள்ல தப்பா? அண்ணே, செடிக்கு வெந்நீரா ஊத்துனீங்க?" என்றேன். எட்டுப் பேரும் சிரித்தார்கள். அவர் டப்பாவை மூடிக்கொண்டு போய்விட்டார்.

சிரித்த எட்டுப் பேர் எண்பது பேரிடம் சொன்னார்கள். தேநீர்க் கடையில் சொன்னார்கள், முடிதிருத்தும் கடையில் சொன்னார்கள். இன்று இந்த ஊரில் அவருக்குப் பெயர் "வெந்நீர் அண்ணன்". நாற்பது வருஷம் மிளகாய் போட்ட மனிதர். அவர் மருமகனே சாப்பிடும்போது அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாராம். யாரோ இப்போதும் பின்னால் சிரிக்கிறீர்கள். சிரிக்காதீர்கள் ஐயா. அந்தப் பெயரை வைத்தது நான். அந்தப் பெயருக்கு உரியவளும் நான்தான்.

ஆம்! இன்று காலை இந்த மேடையை அலங்கரிக்கத் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு மிளகாய் நாற்று கை பட்டுக் குழியிலிருந்து வெளியே வந்தது. பார்த்தேன். வேர் வெள்ளையாக இல்லை. நுனியெல்லாம் பழுத்துப் பழுப்பேறி, பாதிக் குழிக்கு மேல் இறங்காமல் நின்றிருந்தது. இன்னொன்று எடுத்தேன், அதுவும் பழுப்பு. பக்கத்துத் தட்டில் எடுத்தேன், வெள்ளை. அதற்கடுத்ததில் பழுப்பு. நாத்தனாரைக் கூப்பிட்டேன்.

"கடைசி மூணு குவியலையும் எந்தத் தண்ணியில கழுவினே?"

"பழைய கிணறு வத்திப் போச்சே அண்ணி. ஆலைக்குப் பின்னால புதுசா போட்ட போர் தண்ணியிலதான். ஏன்? கலர் போற வரைக்கும் கழுவினோமே. மூணுக்கு நாலு தடவையா கழுவினோம்."

இருவரும் ஓடினோம். குழாயைத் திறந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தேன். உப்பு! கரிக்கும் உப்பு! தாய்மார்களே, உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. நிறம் போகக் கழுவச் சொன்னவள் நான், நிறம் போகக் கழுவினீர்கள். ஆனால் உப்புக்கு நிறம் ஏது? ஒருமுறை கழுவினால் ஒரு பங்கு உப்பு, நான்குமுறை கழுவினால் நான்கு பங்கு உப்பு. அக்கறையாகக் கழுவக் கழுவ அதிகமாக ஏற்றிவிட்டோம். நாக்கு நுனியில் வைத்தால் தெரிந்திருக்கும். முள்ளங்கியைக் கேட்டிருந்தால் மூன்றே நாளில் சொல்லியிருக்கும். நான்தான் கேட்கவில்லை.

அங்கே ஒருவர் எழுந்து நிற்கிறார். என்ன ஐயா? "நாத்து பச்சையாத்தானே இருக்கு" என்கிறீர்களா? நியாயமான கேள்வி. கூடத்தில் காலையும் மாலையும் பூவாளியில் நல்ல தண்ணீர் தெளிக்கிறோம். தூள் ஈரமாக இருக்கும்வரை உப்பு கரைந்து அடங்கிக் கிடக்கும். நிலத்தில் நட்டு ஒருநாள் காய்ந்தால் போதும், அதே உப்பு வேரைச் சுட்டுவிடும். அண்ணன் தோட்டத்தில் நடந்தது அதுதான். அவர் ஊற்றியது வெந்நீர் அல்ல. நான் கொடுத்தது நெருப்பு.

"வேர் இறங்காதது குட்டையாத்தான் இருக்கும், அந்தத் தட்டையெல்லாம் ஒதுக்கிடுங்க" என்று ஒரு தங்கை சொல்கிறாள். கேட்பதற்கு எளிதாக இருக்கிறது அம்மா. ஆனால் தக்காளி உயரம், மிளகாய் குட்டை, கத்தரி இரண்டுங்கெட்டான். எந்தத் தட்டு எந்தக் குவியல் என்று அடுக்குப் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதி வைத்திருந்தேன். நேற்று மாலை, போட்டோவில் அழகாகத் தெரிய வேண்டும் என்று, உயரமானதைப் பின்னாலும் குட்டையானதை முன்னாலும் நானே மாற்றி மாற்றி அடுக்கினேன். நானூறு தட்டும் கலந்துபோய்விட்டது. எது நல்லது, எது கெட்டது என்று இப்போது எனக்கே தெரியாது.

தலைவர் அவர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். "சுருக்கமாக முடிக்கவும்." முடிக்கிறேன் ஐயா. ஒரு மணி நேரத்துக்கு முன்னால், இந்த மேடைக்குப் பின்னால், நான் இவர்களிடம் இதைச் சொன்னேன். இவர்கள் கெட்ட மனசுக்காரர் அல்ல. முகம் வெளுத்துப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்கள். "விழா நடக்கட்டும்மா. இன்னிக்கு இத வெளிய சொன்னா, இனி ஒருத்தரும் நார்த்தூளை நம்ப மாட்டாங்க. மறுபடி அழுகுற நாத்தங்காலுக்கே போயிடுவாங்க. அஞ்சு வருஷ உழைப்பு. நாளைக்கு வீடு வீடாப் போய்ப் பார்த்துக்கலாம்" என்றார்கள்.

அவர்கள் சொன்னதில் உண்மை இல்லையா? இருக்கிறது. அதனால்தான் எழுதியதைப் படிப்பதா வேண்டாமா என்று தடுமாறினேன். நீங்கள் நாளைக்கே "போயும் போயும் குப்பையை நம்பினோமே" என்று சொல்லலாம். ஆலைக்குப் பின்னால் மறுபடி மலை எழும்பலாம். இந்தத் தாய்மார்கள் வேலை இழக்கலாம். அத்தனையையும் நினைத்து அஞ்சுகிறேன். ஆனால் நாளைக்கு வீடு வீடாகப் போகும்போது உங்கள் நிலத்தில் என்ன நிற்கும்? ஒரு டப்பாவுக்கே பதில் சொல்லத் தெரியாத நான், நீங்கள் முந்நூறு பேரும் கொண்டுவரும் டப்பாவுக்கு என்ன சொல்வேன்? முந்நூறு பேருக்கும் "வெந்நீர்" என்று பெயர் வைப்பேனா?

ஆகவே உழவர் பெருமக்களே, உரக்கச் சொல்கிறேன், உள்ளம் பதறச் சொல்கிறேன். இன்றைக்கு இங்கிருந்து ஒரு தட்டைக்கூட எடுத்துப் போகாதீர்கள்!

தெரியும். தெரியும். கத்துங்கள். உங்களுக்குக் கத்த உரிமை உண்டு. பாத்தி காய்கிறது, மழை நெருங்குகிறது, எனக்குத் தெரியாதா? "யாரைக் கேட்டு விழா வெச்சீங்க" என்கிறீர்கள், அதுவும் நியாயம். ஒன்றே ஒன்று செய்ய அனுமதியுங்கள். மிளகாய்த் தோட்டத்து அண்ணே, மேடைக்கு வர முடியுமா? நான் கூப்பிட்டால் வர வேண்டும் என்று உங்களுக்கு ஒரு கட்டாயமும் இல்லை. வழி விடுங்கள், வழி விடுங்கள். வருகிறார்.

அண்ணே, அன்றைக்கு வேரைப் பார்க்காமல் உங்கள் மேல் பழி போட்டேன். ஊரைக் கூட்டிச் சிரித்தேன், அதனால் ஊரைக் கூட்டியே மன்னிப்புக் கேட்கிறேன். தப்பு என் தூளில். உங்கள் தண்ணீரில் இல்லை. உங்கள் கையில் இல்லை. நாற்பது வருஷத்தில் நீங்கள் ஒரு செடிக்கும் குறை வைக்கவில்லை.

இதோ, இந்த மேசைமேல் இருக்கும் தட்டு. நீங்களே ஒரு நாற்றை எடுத்துக் காட்டுங்கள். பயப்படாமல் இழுங்கள். ஆ... வெள்ளை! வேர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. கை தட்டுகிறீர்கள். "நல்லாத்தானே இருக்கு, குடுத்துடு!" என்கிறீர்கள். தலைவர் முகத்தில்கூட ரத்தம் திரும்புகிறது. எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது, இந்த ஒரு வேரோடு விழாவை முடித்துவிடலாமா என்று. அண்ணே, அடுத்த தட்டிலும் ஒன்று எடுங்கள்.

எல்லோருக்கும் தெரிகிறதா? பின்வரிசைக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடியுங்கள். பழுப்பு.

நான் செய்யப்போவதைச் சொல்கிறேன். நானூறு தட்டிலும் தட்டுக்கு மூன்று நாற்றைப் பிடுங்கிப் பார்ப்பேன். வேர் வெள்ளையாக இருப்பதை உங்கள் கண் முன்னாலேயே இன்று மாலைக்குள் தருவேன். பழுப்பாக இருப்பதை நல்ல தண்ணீரில் அலசி அலசிப் பத்து நாள் வைத்துப் பார்ப்பேன். பிழைத்தால் தருவேன். பிழைக்காததற்குப் புதிதாக விதைப்பேன், அதற்கு இருபத்தைந்து நாள் ஆகும். அதுவரை மழை காத்திருக்குமா? தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பொய்யாக ஒரு தைரியம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

முதலாளி ஐயா எழுந்து நிற்கிறார்கள். என்ன ஐயா? ஆலையின் லாரியை ஆற்றுக்கு அனுப்பி நல்ல தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறார்களாம், இப்பொழுதே. நன்றி ஐயா, நன்றி. என் நாத்தனார் ஏற்கெனவே புடவையைச் செருகிவிட்டாள், அவளுக்கு நன்றி சொன்னால் திட்டுவாள். தலைவர் அவர்களே, உங்கள் விழாவைக் கெடுத்தவள் நான். நீங்கள் நாற்காலியை விட்டு எழுந்து போகவில்லையே, அதற்கு நன்றி.

அண்ணன் ஒலிபெருக்கியைக் கேட்கிறார். பேசுங்கள் அண்ணே. வேண்டாமா? என்னிடம் மட்டும் சொல்கிறீர்களா? சரி... அவர் சொன்னதை மறைக்காமல் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். "எனக்கு மறுபடி பத்துத் தட்டு வேணும்மா. ஆனா ஒவ்வொண்ணா வேரைப் பார்த்துட்டுத்தான் வாங்குவேன். உன் பேச்சைக் கேட்டு வாங்க மாட்டேன்" என்கிறார்.

அப்படித்தான் அண்ணே வாங்க வேண்டும். நீங்கள் மட்டுமல்ல, இந்த அவையில் இருக்கும் ஒவ்வொருவரும் அப்படித்தான் என்னிடம் வாங்க வேண்டும்.

சபை நிறைந்த பெரியோர்களே, சினம் அடக்கிக் கேட்ட உழவர்களே, பொறுமையின் உருவான தாய்மார்களே! என் பேச்சு முடிந்தது, வேலை முடியவில்லை. கூடத்தின் கதவு திறந்திருக்கிறது. கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். ஆளுக்கொரு தட்டாகப் பிடுங்கிப் பார்ப்போம். நன்றி, வணக்கம்.